மாப்பிள்ளையின் நுனிமுடி

1. ஹெல்மெட் கழற்றாதவர்

பருத்தித்துறையில் நான் கடை திறந்து சில மாதம்தான், கதிரைகளின் பிளாஸ்ரிக் உறையைக்கூட இன்னும் கிழிக்காத காலம். ஒரு பின்னேரம் ஹெல்மெட் போட்டபடி ஒருவர் உள்ளே வந்து கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஹெல்மெட்டோடு கடைக்குள் வருகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். முடி வெட்டுவதற்கு அல்ல.

"அண்ணை, கடையிலை வேறை ஆக்கள் இல்லையே?" என்று ஹெல்மெட்டுக்குள் இருந்து குரல் வந்தது.

"ஆக்களும் இல்லை, காசும் இல்லை," என்றேன்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "எடேய், கழட்டிக் காட்டடா. பல்லு டொக்டரிட்டை வந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் பல்லுப் பிடுங்கேலுமே?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்காவோடு கொள்ளையடிக்க எவனும் வரமாட்டான்.

தம்பியின் பெயர் குகன். சொந்தமாக இஞ்சின் வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். அக்காவின் பெயர் சாந்தி. குகன் ஹெல்மெட்டைக் கழற்றினார். எனக்குக் கத்தரிக்கோல் கையை விட்டு நழுவியது.

அடியில் நல்ல சுருட்டை. நடுவில் பாய்க்கோரை மாதிரி நேர். நுனியில் வீடு கூட்டுகிற தும்புத்தடி. கழுத்தில் படிந்து கிடக்க வேண்டிய முடி, நாலு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றது. நுனியில் கொஞ்சத்தை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தேன். கரகரவென்று சத்தம் கேட்டது. உருட்டியதில் கொஞ்சம் என் விரலோடேயே வந்துவிட்டது. குகன் பார்ப்பதற்குள் அதை நைசாகக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"தம்பி, உதை எதாலை செய்தனீர்?"

"அக்கான்ரை அயனாலை."

"உடுப்பு அயனோ?"

"இல்லை அண்ணை, முடி அயன் பண்ணுற அயன்."

"எண்ணெய் பூசிப்போட்டுத்தான் பிடிச்சனாங்கள்," என்று சாந்தி பெருமையாகச் சொன்னாள். "முடி காயக்கூடாது எண்டு."

"அப்ப பொரியிற சத்தம் கேட்டிருக்குமே?"

"ஓம் அண்ணை," என்றார் குகன். "புகையும் வந்தது. அக்கா சொன்னவ, உது அயன் வேலை செய்யிற சத்தமெண்டு."

விசயம் இதுதான். குகனுக்குப் பிரான்ஸில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் நிரஞ்சினி. அனுப்பப் படம் எடுத்த அன்று, சாந்தி பகிடிக்கு, வெறும் விளையாட்டாக, தம்பியின் சுருட்டை முடியை அயன் பிடித்து நேராக்கிவிட்டாள். படம் பாரிசுக்குப் போனது. முதல் வீடியோ கோலில் நிரஞ்சினி, "உங்கடை தலைமுடி நல்ல வடிவு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு வருடமாக, அவளோடு கதைக்க முதல் ஒவ்வொரு நாளும் குகன் அயன் பிடித்துக்கொண்டிருக்கிறார். பகலில் கடல் உப்பும் வெயிலும், பின்னேரத்தில் எண்ணெயும் சூடும். மீனைக்கூட நாங்கள் இவ்வளவு கொடுமைப்படுத்துவதில்லை.

"வாற மாதம் கலியாணம் அண்ணை. அவவுக்குத் தெரிஞ்ச ஆள் நேர்முடிக்காரன். இந்தக் கோலத்திலை நான் போய் மணவறையிலை இருந்தால் என்ன நினைப்பா? தலைமுடியிலையே ஒரு வருசமாப் பொய் சொன்னவன், வேறை எதிலை சொல்லமாட்டான் எண்டு நினைக்கமாட்டாவே? அங்கையிருந்து வாறவ. பிடிக்காட்டில் அடுத்த பிளேனிலை ஏறிப்போடுவா. மருந்து வைச்சு நிரந்தரமா நேராக்கிவிடுங்கோ."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில் பகிடி இல்லை. நானும் ஒரு நிமிடம் பகிடியை நிறுத்திவைத்தேன்.

"இந்த நுனிக்கு மருந்து வைச்சால் நேராகும், தம்பி. நேராகி நிலத்திலை விழும்."

2. கேத்திலுக்குள் இருந்த குரு

என் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவும். மற்றப் பகுதிகளை பஸ்ஸில் படித்தாலும் போதும்.

ஒரு தலையில் ஒரே வயதுள்ள முடி இல்லை. அடிமுடி நேற்றுப் பிறந்த பிள்ளை. நுனிதான் வயது போனது. எல்லா வெயிலும், எல்லா சோப்பும், எல்லா மோட்டார் சைக்கிள் காற்றும் அதற்குத்தான் பட்டிருக்கும். தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை வழுக்கிக்கொண்டு நேர்முடியின் நுனிவரை போய்விடும். சுருட்டை முடியில் அதற்கு வளைவுகள் அதிகம், பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே சுருட்டையின் நுனி இயற்கையிலேயே காய்ந்தது. அடிக்குப் பிடிக்கிற அதே சூட்டை நுனிக்கும் பிடித்தால், கிழவருக்கும் பேரனுக்கும் ஒரே சுமையைத் தூக்கிக் கொடுத்த மாதிரி.

நுனி பிளந்திருந்தால் போத்தலில் வருகிற எந்த செரமும் அதை ஒட்டாது. போத்தலில் ஒட்டும் என்று எழுதியிருக்கும். போத்தலில் என்ன எழுதினாலும் போத்தல் வெட்கப்படாது. பிளந்ததை ட்ரிம் பண்ணத்தான் வேண்டும்.

"வெள்ளிக்கிழமையிலை முடி வெட்டுறதோ?" என்றாள் சாந்தி.

"சரி, நாளைக்கு வாங்கோ."

"சனியோ? சனி இவன் பிறந்த கிழமை."

"ஞாயிறு?"

"ஞாயிறு நீங்கள் கடை பூட்டு. கடை வாசல் போர்ட்டிலை எழுதியிருக்கு."

திங்கள் வந்தார்கள். திங்கள் ஏதோ விரதமாம், ஆனால் அதற்குள் சாந்திக்கே களைத்துவிட்டது. ஒரு விரல் அகலத்துக்கு நுனியை எடுத்தேன். குகன் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தது கழுவல். இதில்தான் நான் ஒரு பெரிய விஞ்ஞானி. கொழும்பில் வெள்ளவத்தையில் வேலை பழகியவன் நான். அங்கே குழாயைத் திறந்தால் சோப்பு நன்றாக நுரைக்கிற மெல்லிய தண்ணீர். அதே ஷாம்பூ, அதே கண்டிஷனர், அதே கை, அதே வழுக்கைத் தலையோடு இங்கே வந்து கடை போட்டேன். என்னிடம் முழுகிய எல்லோருடைய நுனியும் சொரசொரவென்று ஆனது. ஷாம்பூவைச் சந்தேகித்தேன். கடல் காற்றைச் சந்தேகித்தேன். எதிர்க்கடைக்காரர் செய்வினை செய்துவிட்டாரோ என்றுகூட ஒரு கிழமை முழுக்க யோசித்தேன். ஒரு நாள் தேத்தண்ணி போட கேத்திலைத் திறந்தேன். அடியில் தடிப்பான வெள்ளைப் படை. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியவை. கேத்திலில் படிகிற அதே வெள்ளைதான் முடியிலும் படிகிறது. கேத்தில் அதைக் காட்டித்தந்தது. நான் வருடக்கணக்கில் படித்த சேர்ட்டிபிக்கேட் காட்டித்தரவில்லை.

ஆகவே குகனுக்குச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் முழுகலாம், கடைசி அலசல் மட்டும் பிளாஸ்ரிக் கானில் வாங்குகிற குடிதண்ணீரில். கண்டிஷனர் நுனிக்கு மட்டும், அடிக்கு வேண்டாம். துவாயால் உரஞ்சித் துடைக்காமல், இடுப்பில் கட்டிப் பழசான பருத்திச் சாரத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். கடலுக்குப் போக முதல் நுனிக்குக் கொஞ்சம் கிறீம் பூசித் துணியால் கட்ட வேண்டும். கலியாணத்துக்கு முதல்நாள் வரை அயன் கூடவே கூடாது.

"குடிக்கிற தண்ணியிலை தலை முழுகப்போறார் துரை!" என்றாள் சாந்தி. "நாங்கள் இனிக் கடல் தண்ணியைக் குடிப்பம்."

குகனுக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை. வேறு பிரச்சினை.

"அயன் பிடிக்காமல் நான் எப்பிடி அவவோடை கதைக்கிறது?"

3. எந்த நேரமும் குளிக்கும் மாப்பிள்ளை

கமராவை நிறுத்திவிட்டுக் கதைக்கலாம் என்றேன். கமரா பழுது என்று எத்தனை நாளைக்குச் சொல்வது என்று கேட்டார். ஹெல்மெட்டோடு கதைக்கலாம் என்றேன். ஹெல்மெட்டைக் காலடிக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் வழி கண்டுபிடித்தது சாந்திதான். துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, "இப்பத்தான் குளிச்சிட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கிழமையும் நுனியைக் காட்ட வரும்போது குகன் எனக்கு நிலைவரம் சொல்வார்.

"அண்ணை, நேற்று அவ கேட்டா, 'நீங்கள் எந்த நேரமும் குளிக்கிறீங்களே' எண்டு."

"நீர் என்ன சொன்னீர்?"

"மீன் மணம் எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"தன்ரை அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறா. அம்மா சொன்னவவாம், மாப்பிள்ளை நல்ல சுத்தபத்தமான பிள்ளையெண்டு."

பொய் ஒன்றை மறைக்க இன்னொரு பொய்யை நாங்கள் தலையில் சுற்றிவிட்டிருக்கிறோம் என்று அன்று இரண்டு நிமிடம் குற்ற உணர்வாக இருந்தது. பிறகு நுனியைப் பார்த்தேன். கரகரப்பு இல்லை. விரலிடுக்கில் உருட்டினால் பட்டு நூல் மாதிரி நழுவியது. குற்ற உணர்வு போய்விட்டது. தொழில்காரன் மனம் அப்படி.

4. முதல்நாள் பின்னேரம்

நிரஞ்சினி குடும்பத்தோடு வந்திறங்கிய அன்றே, தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குச் சடங்கு. அதற்குப் பிறகு தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இப்படியொரு வழக்கத்தை ஏற்படுத்திய பெரியவருக்கும் என் மாப்பிள்ளையைப் போல ஏதோ ஒரு சிக்கல் இருந்திருக்க வேண்டும்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் குகனைக் கதிரையில் இருத்தினேன். முடி முழுதாகக் காயும்வரை காத்திருந்தேன். ஈரம் இருக்கும்போது அயன் வைத்தால் முடிக்குள் இருக்கிற தண்ணீர் கொதிக்கும். வெளியில் வர வழியில்லாமல் முடியை உடைத்துக்கொண்டு வரும். எண்ணெய் ஒரு துளியும் இல்லை. சூட்டிலிருந்து முடியைக் காக்கிற ஹீட் புரொட்டெக்டன்ட் மட்டும், நுனிக்குக் கொஞ்சம் கூடுதலாக. மெல்லிய மெல்லிய செக்ஷனாகப் பிரித்து, சீப்பு முன்னால் போக அயன் பின்னால் போக, ஒரு இழுவை. ஒன்றுதான். நுனிக்கு வரும்போது சூட்டைக் குறைத்து, நிற்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். இளம் பிள்ளைகள் நுனியில் வந்துதான் அயனைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்ப்பார்கள்.

முடித்ததும் குகன் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடி கறுப்புத் தண்ணீர் மாதிரி கழுத்தில் விழுந்து கிடந்தது. சாந்தி மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணை, எங்கடை தம்பி மாதிரியே இல்லை," என்றாள். அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

5. கிணற்றடி

அடுத்த நாள் காலை, கடைசியாக ஒரு தடவை சீவிவிடலாம் என்று அயனும் சீப்பும் பையுமாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வாழை கட்டியிருந்தது. உள்ளே போனேன். கிணற்றடியில் பலகை போட்டு, குகனை வெறும் மேலோடு இருத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு செம்பில் பால். பாலுக்குள் அறுகம்புல். அதற்குப் பக்கத்தில் பெரிய வாளிகள் நிறையத் தண்ணீர். மாமிமார், பெரியம்மாமார், சித்திமார் எல்லோரும் பட்டுச் சேலையோடு வரிசையில் நின்றார்கள்.

பால் அறுகு வைத்துத் தோய வார்த்தல். மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் கலியாணக் காலையில் உறவுக்காரர் எல்லோரும் பாலையும் அறுகையும் உச்சந்தலையில் வைத்து, பிறகு தலையோடு தண்ணீர் ஊற்றி முழுகவார்ப்பார்கள். எங்கள் குடாநாட்டில் இது தெரியாத குழந்தை இல்லை; முடி நேராக்குகிற அவசரத்தில் குகனும் சாந்தியும்தான் மறந்துவிட்டார்கள். எனக்குத் தெரியும். எனக்கும் செய்தார்கள். ஆனால் என் கலியாணத்தின்போதே என் தலை இன்றைக்கு இருக்கிற மாதிரித்தான் இருந்தது. ஊற்றின தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. நினைவில் தங்குவதற்கு அதற்கு ஒரு முடிகூடக் கிடைக்கவில்லை.

குகன் என்னைக் கண்டார். முகம் செம்பில் இருந்த பாலைவிட வெளுத்திருந்தது. வாயசைவில் "அண்ணை" என்றார்.

நான் மாமாவிடம் ஓடினேன். குகனின் தாய்மாமன் அவர்; வேட்டியை மடித்துக் கட்டி, சடங்கை நடத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சின்ன விசயம். பால் அறுகைத் தலையிலை வைக்காமல் தோளிலை வைச்சால் என்ன?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தோளுக்கே கலியாணம்?"

"அப்ப தண்ணியை மட்டும் கழுத்துக்குக் கீழை ஊத்தினால்?"

"நீர் ஆர்?"

"தலைமுடிக்காரன்."

"உம்மடை தலையிலை ஒண்டையும் காணேல்லை?" என்றார். வரிசையில் நின்ற மாமிமார் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளில் இதைவிட மோசமானது ஒன்று உண்டா என்று என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். பைக்குள் இருந்து, தலை நனையாமல் போடுகிற ஷவர் கப் ஒன்றை எடுத்தேன். ரோஸ் நிறம், விளிம்பில் றப்பர்.

"இதைப் போட்டுக்கொண்டு வைக்கலாம் ஐயா. பாலும் படும், அறுகும் படும்."

"பிளாஸ்ரிக்குக்கோ பால் அறுகு வைக்கிறது? மாப்பிள்ளையை என்ன கோதாரிக் கோலம் கட்டப்பாக்கிறீர்?"

வரிசையின் முன்னால் நின்ற பெரியம்மா ஷவர் கப்பை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "உது நல்லாயிருக்கு தம்பி, எங்கை வாங்கினது?" என்று கேட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பாலில் கையை நனைத்துக் குகனின் தலையில் வைத்தாள்.

முதல் வாளி விழுந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, நேற்றுப் பின்னேரம் முழுவதும் நான் செய்த வேலை ஒவ்வொன்றாகச் சுருண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. வீட்டுக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சந்தோசமாகப் போனது.

அறைக்குள் குகன் என் கையைப் பிடித்தார். "அண்ணை, நேரமில்லை. ஈரத்திலையே பிடியுங்கோ. புகை வந்தாலும் பரவாயில்லை."

"ஏலாது."

"முகூர்த்தம் போகப்போகுது அண்ணை!"

"ஈரத்திலை பிடிச்சால் நுனி இண்டைக்கே உடையும். ஒரு மாதம் காப்பாத்தினதை நான் என்ரை கையாலை எரிக்கமாட்டன். நீர் தலைப்பாகை கட்டத்தானே போறீர்? தாலி கட்டுமட்டும் அதுக்குள்ளை இருக்கட்டும். மண்டபத்திலை காஞ்சாப்பிறகு நேராக்கித்தாறன்."

சொல்லிவிட்டேனே தவிர, தாலி கட்டும்போதே அவள் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. சாரத்தால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நுனிக்குக் கிறீம் பூசி, சுருளைச் சுருளாகவே விட்டேன். மேலே தலைப்பாகை ஏறியது.

6. சூடாகி நின்ற அயன்

நெல்லியடி மண்டபத்தில் நான் வீடியோக்காரருக்குப் பின்னால் நின்றேன். தலைப்பாகைக்குக் கீழே, பிடரியில் இரண்டு சுருள்கள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தன. தாலி கட்டக் குகன் குனிந்தார். நிரஞ்சினியின் கண் அந்தச் சுருள்களில் போய் நின்றதை நான் பார்த்தேன். மேளம் கெட்டிமேளமாக அடித்தது. என் நெஞ்சும்தான்.

சடங்கு முடிந்து, உடுப்பு மாற்றுகிற அறைக்குள் குகன் ஓடிவந்தார். தலைப்பாகையைக் கழற்றினார். முடி நன்றாகக் காய்ந்திருந்தது. அயனைச் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகு பச்சை. முதல் செக்ஷனைச் சீப்பில் எடுத்தேன். கதவு திறந்தது.

நிரஞ்சினி. கூறைச் சேலை, கழுத்தில் மாலை. பின்னால் கலியாணத் தோழியாக நின்ற சாந்தி. சாந்தியின் முகத்தில், "நான் மறிச்சுப்பாத்தன், ஏலேல்லை" என்று எழுதியிருந்தது.

நிரஞ்சினி குகனின் தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்களோ அண்ணை உதைச் செய்தது? என்ன வடிவாச் சுருட்டி விட்டிருக்கிறியள்! பாரிஸிலை உப்பிடிச் செய்யிறதுக்கு எவ்வளவு நேரம் எடுப்பினம் தெரியுமே? ஏன் இப்ப அழிக்கப்போறியள்?"

என் கையில் அயன் சூடாகி நின்றது. எனக்கு ஒரு சொல் போதும். 'ஓம் பிள்ளை, நான்தான்' என்று சொன்னால் குகன் தப்பிவிடுவார். எனக்கும் பாரிஸ்வரை பெயர் போகும். குகன் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"அவர் செய்யேல்லை," என்று குகன் சொன்னார். "உது என்ரை சொந்த முடி. ஒரு வருசமா உமக்குக் காட்டினதுதான் செய்த முடி. உம்மோடை கதைக்க முதல் ஒவ்வொரு நாளும் அயன் பிடிச்சனான்."

நிரஞ்சினி கதிரையில் உட்கார்ந்தாள். மாலை மடியில் விழுந்தது.

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"நான் கோல் அடிக்க, கட் பண்ணிப்போட்டு முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு திருப்பி அடிப்பியளே. அது உதுக்குத்தானோ?"

"ஓம்."

"அம்மா சொன்னவ, உங்களுக்கு ஊரிலை வேறை ஒராள் இருக்கு, அவவோடை கதைச்சுப்போட்டுத்தான் எனக்கு அடிக்கிறியளெண்டு. நான் எத்தினை நாள் படுக்காமல் இருந்தனான் தெரியுமே? கடைசி ஒரு மாதம்தான் அடிச்ச உடனை எடுத்தனீங்கள். அந்த ஆளை விட்டுட்டியள் எண்டு நினைச்சுத்தான் நான் பிளேனே ஏறினனான்."

சாந்தி சுவரைப் பார்த்து நின்று சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு நிச்சயமில்லை, தோள் குலுங்கியது.

"கோவமோ?" என்று குகன் கேட்டார்.

"பொல்லாத கோவம்," என்றாள் நிரஞ்சினி. எழும்பி வந்து, அவருடைய பிடரியில் இருந்த சுருள் ஒன்றை நுனியில் பிடித்து இழுத்தாள். விட்டாள். அது துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்குப் போனது. இன்னொன்றையும் இழுத்துப் பார்த்தாள். "நுனி என்ன பஞ்சு மாதிரி இருக்கு," என்றாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே என்னிடம் சொன்னாள்: "அண்ணை, உந்த அயனை நிப்பாட்டுங்கோ. இனி நான் அடிச்ச உடனை இவர் எடுக்கோணும்."

நான் வயரைக் கழற்றினேன்.

இத்தனைக்குப் பிறகு நான் பழகிக்கொண்டவை இரண்டு. யாராவது ஸ்ட்ரெயிட்னிங் செய்ய வந்து உட்கார்ந்தால், முடியைத் தொட முதல், "அடுத்ததாக இந்தத் தலையில் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்?" என்று கேட்கிறேன். விசர் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். தோய வார்த்தல், கீரிமலைக் கேணி முழுக்கு, நேர்த்திக்கடன் என்று குடாநாட்டில் தலைக்குத் தண்ணீர் வர ஆயிரம் வழி உண்டு. எதற்கு முதல் செய்கிறோம், எதற்குப் பின் செய்கிறோம் என்று தெரியாமல் அயனைச் சூடாக்கக்கூடாது.

மற்றது, நேராக்குகிறோமோ இல்லையோ, நுனியை முதலில் காப்பாற்ற வேண்டும். முடி பிறகு எந்தப் பக்கம் போக விரும்பினாலும், போவதற்கு நுனி வேண்டும். அன்று அந்த அறையில் நான் கடைசியாகச் செய்த வேலை, குகனின் சுருள்களின் நுனிக்கு விரல் நுனியால் கொஞ்சம் கிறீம் தொட்டுவிட்டது மட்டுந்தான். அதுவே போதும் என்பதைப் படிக்க எனக்கு ஒரு கலியாணம் தேவைப்பட்டது. அதுவும் இன்னொருவருடைய கலியாணம்.